அடுத்த பிறவிக்குத் தள்ளிவைத்த திருமணங்கள்

(தருமபுரி மாவட்டத்தில், நாடகம் தொடங்குமுன் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

  

நாடகம் காண வந்தவர்களை நெடுநேரம் பேசிக் காக்க வைப்பது முறையல்ல என்பதை நாடகக்காரனாகிய நான் அறிவேன். உள்ளே வேடம் கட்டியவர்கள் அரிதாரம் பூசிய முகத்தோடு வியர்த்துக் கொண்டிருக்கிறார்கள். ஆயினும் சில சொற்கள் சொல்லியே தீர வேண்டும். ஏனெனில், இன்று நீங்கள் பார்க்கப் போகும் நாடகத்தின் இறுதிக் காட்சி, முதலில் நான் எழுதிய இறுதிக் காட்சி அல்ல. அதை ஏன் மாற்றினேன் என்பதற்கு விளக்கம் தருவது என் கடமை.

கதை உங்களுக்குப் புதிதன்று. ஊர்த்தெருப் பெண் ஒருத்தி. காலனிப் பையன் ஒருவன். காதல். பஞ்சாயத்து. ஓட்டம். துரத்தல். ஏரிக்கரையிலே இருவரும் வெட்டுண்டு வீழ்வார்கள். விளக்கு அணையும். பழைய நாடகத்திலே, ஒரு நொடி இருட்டுக்குப் பிறகு நீல விளக்கு எரியும்; புல்லாங்குழல் ஒலிக்கும்; வேறோர் ஊர், வேறோர் உடை; அதே இருவர், எங்கோ பார்த்த முகம்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படுதா இறங்கும். அவ்வளவுதான்! கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகும். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு மக்கள் வீடு திரும்புவார்கள். அதை என் எழுதுகோலின் வெற்றி என்றெண்ணி நான் இறுமாந்திருந்தேன்.

அரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே நாடகம் முடிந்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வேளை. கோலூன்றிய மூதாட்டி ஒருவர் என்னருகே வந்தார். பாராட்ட வருகிறார் என்று எண்ணிக் கைகூப்பினேன். அவர் கேட்டார்: "தம்பி! அடுத்த பிறப்புல ரெண்டு பேரையும் சேத்து வச்சுட்ட. நல்லா இருக்கட்டும். வெட்டுனானே, அவன் இந்தப் பிறப்புல என்ன ஆனான்? அதச் சொல்லாமயே படுதாவ எறக்கிட்டியே!"

நான் விடை கூறவில்லை. கூற என்னிடம் விடை இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். முழுதும் படித்திருந்தாலும் இந்தக் கேள்வியை யாரும் அங்கே என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த அம்மையார் என் பதிலுக்காகக் காத்து நிற்கவுமில்லை. கேட்டுவிட்டு, கோலை ஊன்றி நடந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது.

நீல விளக்கும் புல்லாங்குழலும் என் சொந்தச் சரக்கல்ல, தோழர்களே! திரைப்படத்திலே கற்றது. 1963-ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' என்ற படத்தைப் பெரியவர்கள் கொட்டகையிலே பார்த்திருப்பீர்கள். என்னைப் போன்றவர்கள் தொலைக்காட்சியிலே பார்த்தோம். ஜமீன்தார் மகன் ஒருவன் ஏழை வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். ஜமீன்தாரின் துப்பாக்கி அந்தக் காதலை முடித்து வைக்கிறது. காலம் உருண்டோடுகிறது. அந்தக் காதலர் இருவரும் மறுபடியும் பிறக்கிறார்கள். பாழடைந்த மாளிகையைக் கண்டதும் இளைஞனுக்குப் பழைய பிறவி நினைவுக்கு வருகிறது. கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலராக நடித்தார்கள். ஜமீன்தார் நம்பியார். மறுபிறவிக் காலத்திலும் நூறு வயதைக் கடந்த கிழவராக அவர் உயிரோடு இருக்கிறார்! மறுபடியும் பிரிக்கப் பார்க்கிறார்! படம் நன்றாக எடுக்கப்பட்ட படம், அதை மறுக்கவில்லை. பாட்டுகள் இன்றும் இனிக்கின்றன. ஆனால் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. காதலர்கள் செத்துப் பிறக்கிறார்கள். ஜமீன்தார் சாகாமலே இருக்கிறார். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் ஒரு காவலன் அந்த மாளிகைக் கதவைத் தட்டவில்லை. ஒரு நீதிபதி அவரை அழைத்துக் கேட்கவில்லை. கொலைகாரன் வீட்டில் இருக்கிறான். கொல்லப்பட்டவர்களே திரும்ப வந்து நீதி கேட்க வேண்டியிருக்கிறது.

1971-இல் நடிகையர் திலகம் சாவித்திரி இயக்கி, சிவாஜி கணேசனோடு நடித்த 'பிராப்தம்'. 1964-இல் தெலுங்கில் வந்த 'மூக மனசுலு' படத்தின் தமிழாக்கம். அங்கே ஜமீன் வீட்டுப் பெண். அவளை நெஞ்சிலே வைத்துப் பூசிக்கும் படகோட்டி. இந்தப் பிறவியிலே அவர்களால் சேர முடிவதில்லை. அடுத்த பிறவியிலே கணவன் மனைவியாக அதே ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அதற்கும் முன்னே, 1958-இல், இந்தியிலே 'மதுமதி'. எழுதியவர் ரித்விக் கட்டக், இயக்கியவர் பிமல் ராய். முற்போக்குச் சிந்தனைக்குப் பெயர் போன இருவர். மலைவாழ் குலத்துப் பெண்ணொருத்தியின் சாவுக்குக் காரணமான எஸ்டேட் முதலாளி, அந்தப் படத்திலாவது கடைசியிலே காவலர் கையில் சிக்குகிறான். அந்த அளவுக்கு அவர்களைப் பாராட்டுகிறேன்.

கணக்குப் பார்த்தீர்களா, தோழர்களே? ஜமீன்தார் மகன்—ஏழைப் பெண். ஜமீன் மகள்—படகோட்டி. பட்டணத்துப் படித்தவன்—மலைமகள். சமமான இரு குடும்பத்துக் காதலர்களுக்கு மறுபிறவி தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு மண்டபம் போதும், மேளம் போதும். எந்தக் காதலுக்கு இந்தச் சமூகம் இடம் தர மறுக்கிறதோ, அந்தக் காதலைத்தான் நம் திரைப்படம் அடுத்த பிறவிக்குத் தள்ளி வைக்கிறது. வாய்தா வாங்குகிறது! வழக்கு மன்றத்திலே வாய்தா வாங்குவது யார்? குற்றம் சாட்டப்பட்டவன்.

இதே கதையை அண்ணா எப்படி எழுதினார் என்று பாருங்கள். 1949-ஆம் ஆண்டு 'வேலைக்காரி'. வேதாசல முதலியார் வீட்டு மகன் மூர்த்தி. அந்த வீட்டு வேலைக்காரி அமிர்தம். அதே பணக்காரன் மகன், அதே ஏழைப் பெண். ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மூர்த்தியாக நடித்தவர் நம்பியார்! 1949-இலே வேலைக்காரியைக் காதலித்தவர், 1963-இலே அத்தகைய காதலைச் சுட்டுத் தள்ளும் ஜமீன்தார் ஆகிவிட்டார். அது கிடக்கட்டும். அமிர்தம் இறந்துவிட்டாள் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் வேறு பெயரோடு, செல்வர் வீட்டுப் பெண்ணாக அவள் திரும்பி வருகிறாள். கடன் கொடுமையால் தூக்கிலே தொங்கிய தந்தையின் மகன் ஆனந்தன், பரமானந்தன் என்ற செல்வன் வீட்டுப் பிள்ளையாக முதலியார் மாளிகைக்குள் நுழைகிறான். பெயர் மாறுகிறது, உடை மாறுகிறது, உலகம் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. ஆனால் யாரும் சாகவில்லை! மறுபிறவியின் பயனை முழுவதும் எடுத்துக்கொண்டு, சாவை மட்டும் விட்டுவிட்டார் அண்ணா. வேலைக்காரியாக இருந்தபோது தீண்டத் தகாதவள், செல்வர் மகளாக வந்தபோது குலவிளக்கு. பிறப்பு என்பது ஆடை மாற்றம்தான் என்று முதலியாரையே சாட்சி சொல்ல வைத்தார். மூர்த்தி–அமிர்தம் திருமணம் இந்தப் பிறவியிலேயே நடந்தது. அந்தக் கதையை எழுதிய கைதான், 1967-இல் ஆட்சிக்கு வந்தபின், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி வழங்கும் திருத்தத்தைக் கொண்டு வந்தது.

இந்த இடத்திலே ஒரு நண்பர் எழுந்து கேட்கக்கூடும். "புத்தரைப் புகழ்கிறீர்களே, அவர் மறுபிறப்பை ஒப்புக்கொண்டவர்தானே? அவர் சொன்னால் தத்துவம், ஸ்ரீதர் எடுத்தால் தந்திரமா?" என்று. நியாயமான கேள்வி. விலகிப் போக விரும்பவில்லை.

புத்தர் பேசிய மறுபிறப்பு வேறு, படத்திலே வரும் மறுபிறப்பு வேறு. உடல் என்னும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆன்மா இன்னொரு சட்டையை மாட்டிக்கொள்கிறது என்பது வைதீகம். அந்த ஆன்மாவே இல்லை என்பது பௌத்தம். 'அனாத்தம்' என்பார்கள். கிரேக்க மரபிலே வந்த மிலிந்தன் என்ற மன்னனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த வாதத்தைச் சொல்லும் பழைய பாலி நூல் ஒன்று உண்டு. அதிலே விளக்கை உவமையாகக் காட்டுகிறார் பிக்கு. இரவெல்லாம் எரிகிறது விளக்கு. முதற் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல; எண்ணெய் வேறு, எரிந்த திரி வேறு. அப்படியானால் இரண்டும் தொடர்பற்றவையா? அதுவுமில்லை, முன்னது இல்லாமல் பின்னது இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம். இதிலிருந்து எழுந்து அதற்குள் குதித்த பொருள் எது? ஏதுமில்லை. ஆகவே, அதே முகம், அதே குரல், அதே காதலி, அதே பாட்டு என்று திரும்பி வருவதற்குப் பௌத்தத்திலே வழியில்லை. இரட்டை வேடத்துக்கு அங்கே இடமே கிடையாது!

இதை நம் மொழியிலே காவியமாக்கியவர் சாத்தனார். மணிமேகலையின் பெயரால் படங்களும் வந்தன, 1940-இலே கே. பி. சுந்தராம்பாள் நடித்த படம் ஒன்று. ஆனால் சாத்தனார் செய்த காரியத்தின் துணிவு எனக்குப் புரிந்தது நாடகம் எழுதத் தொடங்கிய பிறகுதான். மாதவியின் மகளைச் சோழ இளவரசன் உதயகுமாரன் விரும்பித் துரத்துகிறான். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே புத்த பீடிகையைக் கண்டதும் பழம்பிறப்பு தெரிகிறது. முற்பிறப்பிலே அவள் இலக்குமி. அவள் கணவன் இராகுலன். அந்த இராகுலனே இன்றைய உதயகுமாரன்!

இந்தக் கதையைப் படக் கதாசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். துள்ளிக் குதிப்பார். முற்பிறப்பிலே கணவன் மனைவி, இப்பிறப்பிலே இளவரசன்—கணிகை மகள். முட்டுக்கட்டை எல்லாம் உடைந்தது, இடைவேளைக்குப் பின் திருமணம் என்று முடித்துவிடுவார். சாத்தனார் முடிக்கவில்லை. அவள் நெஞ்சிலே ஈரம் இருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் பழைய உறவு தெரிந்ததனாலேயே அவள் அந்தப் பிடியிலிருந்து விடுபடுகிறாள். முன்பு அவன் கணவனாக இருந்தான் என்பது இப்போது அவளை அவனுக்கு உடைமை ஆக்கவில்லை. அவள் எடுத்தது மாலையை அல்ல. அமுதசுரபி என்னும் பாத்திரத்தை! நேரே பசித்தவர்களிடம் போனாள். சிறைக்கோட்டத்தில் வாடியவர்களுக்குச் சோறிட்டாள். மன்னனிடம் வேண்டி அந்தச் சிறையையே அறக்கோட்டம் ஆக்கினாள். முற்பிறவி அறிந்த பெண் செய்த முதல் வேலை, இந்தப் பிறவியின் பசியைத் தீர்த்தது.

அந்தப் பாத்திரம் வந்த வழியையும் பாருங்கள். ஆபுத்திரன் கையிலிருந்து வந்தது. பெற்றவள் போட்டுவிட்டுப் போக, பசு பால் கொடுத்துக் காத்த பிள்ளை. வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை அவிழ்த்துவிட்டதற்காக, குலம் கெட்டவன் என்று அந்தணர்கள் தூற்றித் துரத்திய பிள்ளை. நீங்கள் போற்றும் முனிவர்கள் எங்கெங்கே பிறந்தார்கள் என்று அவர்களைத் திருப்பிக் கேட்டவன் அவன்! விரட்டப்பட்ட அந்தப் பிள்ளையின் பாத்திரத்திலே, கற்புக்குப் பெயர்பெற்ற வணிக குலத்து ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். கணிகை மகள் ஏந்துகிறாள். சிறைக் கைதி உண்கிறான். 'சார்பு' என்று பௌத்தம் சொல்லும் தத்துவத்தை நான் புரிந்துகொண்டது இந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான். பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு கண்ணிகளாக அதை வரிசைப்படுத்துவார்கள். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதுவும் தனியே நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றுகிறது, சார்பு அறுந்தால் தோன்றியது மறையும் என்பதே அதன் உயிர். சாதியும் அப்படித் தோன்றியதுதானே! தானே முளைத்ததல்ல, ஒரு பேதைமையைச் சார்ந்து, ஒரு பற்றைச் சார்ந்து நிற்பது.

சாத்தனாரை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. உதயகுமாரன் வெட்டுண்டு சாகிறான். காயசண்டிகை என்ற பெண்ணின் உருவிலே இருந்த மணிமேகலையிடம் அவன் பேசுவதைக் கண்டு, அவளைத் தன் மனைவி என்றே எண்ணிய காஞ்சனன் வாளை வீசிவிடுகிறான். ஏன் இந்தச் சாவு என்பதற்கு, முற்பிறப்பிலே சமையற்காரன் ஒருவனைக் கொன்ற வினை என்று காரணம் காட்டுகிறது காவியம். இதை நான் ஒப்பவில்லை. ஒப்பினால், இந்த மாவட்டத்திலே வெட்டுண்டவன் ஒவ்வொருவனும் முற்பிறப்பிலே யாரையோ வெட்டியவன் ஆகிவிடுவான். ஆனால் அங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. தூணிலே இருக்கும் கந்திற்பாவை, அவன் வினையால் அவன் செத்தான் என்று கூறி, கொன்றவனைத் தட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. அறியாமையால் நீ செய்த இந்தக் கொலையின் பயன் உன்னையும் வந்து சேரும் என்று காஞ்சனனை எச்சரிக்கிறது. ஊழ் என்பது கொலைகாரனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகவில்லை. அரூர்ப் பக்கத்து அம்மையாரின் கேள்வியைக் காவியத்துத் தூண் பாவை அன்றே கேட்டிருக்கிறது! நான்தான் கேட்க மறந்தேன்.

அண்ணல் அம்பேத்கர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியிலே, பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். 22 உறுதிமொழிகளை ஏற்கச் செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 6-இலே மறைந்தார். மறுஆண்டு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலிலே இந்த மறுபிறப்புச் சிக்கலை அவர் நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். ஆன்மா கூடுவிட்டுக் கூடு பாய்வதைப் புத்தர் ஏற்கவில்லை. உடலின் மூலப்பொருள்கள் உலகின் மூலப்பொருள்களோடு கலந்து மீண்டும் உருவெடுப்பதையே அவர் ஏற்றார் என்று விளக்குகிறார். ஏழையின் வறுமைக்கு அவனுடைய முற்பிறப்புத் தீவினையே காரணம் என்று சொல்வதால் யாருக்கு ஆதாயம் என்றும் அலசுகிறார். ஏழைக்கு இல்லை, பொறுப்பிலிருந்து தப்பிக்க விரும்பும் சமூகத்துக்கும் அரசுக்குமே ஆதாயம் என்பது அவர் முடிவு. அந்த அறிவை நாடிப் பெரியாரும் போனார். 1954-ஆம் ஆண்டு தொடக்கத்திலே ஈரோட்டில் புத்தர் மாநாடு கூட்டியவர், அந்த ஆண்டின் கடைசியிலே பர்மாவில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டில் அம்பேத்கரைச் சந்தித்துப் பேசினார். இருவருக்கும் முன்னோடி நம் அயோத்திதாசப் பண்டிதர். 1898-இலே சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். 1907-இலே 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் தொடங்கியவர். நம் எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலிலே, சுரங்கத் தொழிலாளர் நடுவிலே அந்தச் சங்கம் வேர் பிடித்தது. பூமிக்கடியில் பொன் வெட்டியவர்கள், மேலே வந்து புத்தரைப் படித்தார்கள்.

இந்த மண்ணுக்கும் புத்தருக்கும் அதைவிடப் பழைய தொடர்பு இருக்கிறது. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையிலே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் பெயர்களோடு சத்தியபுத்திரர் என்றொரு பெயர் வருகிறது. யார் அந்தச் சத்தியபுத்திரர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-இலே, திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிலே, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அதிலே இருந்தது! ஆம், தோழர்களே! தகடூர்க்காரன்! உங்கள் ஊர்க்காரன்! அந்தப் பாறைக் கட்டளை இந்த நாடுகளுக்குச் சொன்ன செய்தி என்ன? மனிதருக்கும் மாட்டுக்கும் மருத்துவம். மூலிகைகளை நட்டு வளர்ப்பது. வழியிலே கிணறு, நிழலுக்கு மரம். அடுத்த பிறவியிலே பார்த்துக்கொள்ளலாம் என்று எவரையும் அது தள்ளிவைக்கவில்லை. நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமானும் மோட்சத்தைக் கொடுக்கவில்லையே! இந்தப் பிறவியிலேயே நெடுநாள் இருந்து பாடு என்றல்லவா கொடுத்தான்?

இன்றைய படங்களுக்கு வருகிறேன். 2008-இலே வந்த 'தசாவதாரம்' சார்பு என்னும் கருத்தைக் கையிலே எடுத்தது. எங்கோ ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகசைவு எங்கோ ஒரு புயலுக்குக் காரணமாகலாம் என்ற அறிவியல் கருத்தை முன்னே வைத்து, 12-ஆம் நூற்றாண்டுச் சைவ வைணவச் சண்டையிலிருந்து 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வரை ஒரே கயிறாகத் திரித்தார் கமல்ஹாசன். பத்து வேடங்களின் ஆரவாரத்திலே பலருக்கும் தப்பிவிட்ட ஒரு காட்சி அதிலே உண்டு. மணல் கொள்ளையை எதிர்த்து நின்ற தலித் போராளி பூவராகன், தன் எதிரியின் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் அலையிலே மாள்கிறான். மனம் பேதலித்த பார்ப்பன மூதாட்டி ஒருவர் அவன் உடலைத் தன் மகன் என்றெண்ணித் தழுவிக் கதறுகிறார். பேதலித்த மனத்துக்குச் சாதி மறந்துபோகிறது. அந்தக் காட்சிக்காகப் படத்தின் மற்றக் குழப்பங்களை நான் மன்னித்துவிட்டேன்.

ஆனால் 2011-இலே வந்த 'ஏழாம் அறிவு' படத்தை அப்படி மன்னிக்க மனம் வரவில்லை. காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமரைத் தமிழ்ப் பிள்ளைகள் அறியச் செய்தது அந்தப் படம்; அதற்கு நன்றி. ஆனால் அவருடைய ஆற்றல் இன்று யாருக்கு வருகிறது? அவருடைய வமிசத்திலே பிறந்த ஒருவனுக்கு! மரபணுவிலே தூங்கிக்கொண்டிருந்ததாம், ஆய்வுக்கூடத்திலே எழுப்புகிறார்களாம். பிறப்பாலே சிறப்பில்லை என்று சொல்லிக் குடும்பத்தைத் துறந்து போனவர்களின் நெறி பௌத்தம். அதன் பேராசானைப் பரம்பரைச் சொத்தாக்கிப் பத்திரம் எழுதிவிட்டார்கள். பழைய ஆன்மாவுக்கு மரபணு என்று புதுப்பெயர் சூட்டினால் வைதீகம் அறிவியலாகிவிடுமா?

விளக்கிலிருந்து விளக்கு ஏற்றும் அந்தப் புத்த மறுபிறப்பை நான் திரையிலே கண்டது 2018-இலே, மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' படத்திலே. புத்தர் பெயர் அதிலே பேசப்படவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. கருப்பி என்ற வேட்டை நாயை ஆதிக்கக்காரர்கள் இருப்புப் பாதையிலே கட்டிப் போட்டுக் கொல்கிறார்கள். நாய் செத்தது செத்ததுதான். முன்பிறவிக் கதை பேசிக்கொண்டு வேறு நாயாகப் பிறந்து வரவில்லை. ஆனால் பரியனை அடித்துப் போட்டு அதே இருப்புப் பாதையிலே சாகக் கிடத்தும்போது, நீல நிறக் கருப்பி வந்து அவனை எழுப்புகிறது. கருப்பி பட்ட சாவு பரியனின் விழிப்பாகிறது. ஒரு சுடர் அணையுமுன் இன்னொன்றை ஏற்றிவிட்டுப் போகிறது. எழுந்தவன் திரும்ப வந்து கேட்பதும் பழிக்குப் பழி அல்ல. சமமாக உட்கார்ந்து பேச வா என்பதுதான். கடைசியிலே பெண்ணின் தந்தை குடித்த கண்ணாடிக் குவளையும் பரியன் குடித்த குவளையும் பக்கத்திலே பக்கத்திலே நிற்கின்றன. நடுவே ஒரு மல்லிகைப் பூ. திருமணம் நடந்ததாக அந்தப் படம் பொய் சொல்லவில்லை. அடுத்த பிறவியிலே நடக்கும் என்று கதை விடவும் இல்லை.

இருப்புப் பாதை என்றதும் உங்கள் முகங்கள் மாறியதைக் கண்டேன். தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சொல் போதும். 2012-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்திலே, நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. இரு பிள்ளைகள் சாதி கடந்து மணந்துகொண்டார்கள் என்பதற்காக, பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார் என்பதற்காக, அந்தத் திருமணத்துக்குத் தொடர்பே இல்லாத இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. எட்டு மாதம் கழித்து, 2013 ஜூலை 4-ஆம் நாள், அந்த இளைஞனின் உடல் இருப்புப் பாதை ஓரம் கிடந்தது. அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்பதற்கு மறு உடற்கூறு ஆய்வும் வந்தது, விசாரணை ஆணையமும் வந்தது. அந்த வழக்காடலுக்குள் நான் இன்று போகவில்லை. அந்தப் பெயர்களையும் இந்த மேடையிலே சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் வாழ்கின்றன, நிம்மதியாக வாழட்டும்.

அந்த நாட்களிலே நான் கேட்ட ஒரு பேச்சு இன்னும் காதிலே இருக்கிறது. டீக்கடையிலே ஒருவர் பெருமூச்சுவிட்டுச் சொன்னார், "அடுத்த பிறவியிலாவது ஒண்ணா இருக்கட்டும்" என்று. நல்ல மனிதர், இரக்கத்தோடுதான் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன். அப்படிச் சொன்ன பிறகு அந்த டீக்கடையிலே இந்தப் பிறவியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. யார் தீ வைத்தது, யார் மண்ணெண்ணெய் கொண்டு வந்தது, அந்த மாலையிலே நாம் எங்கே இருந்தோம் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. டீயைக் குடித்தோம், காசைக் கொடுத்தோம், எழுந்து போனோம். நீல விளக்கையும் புல்லாங்குழலையும் நான் எழுதியது அதற்குப் பிறகுதான். அந்த டீக்கடைப் பெருமூச்சுக்கு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறேன், தோழர்களே! அதைக் கலை என்று எண்ணிக்கொண்டு!

நம் கழகத்துக்குள்ளே சாதி பார்ப்பவர் இல்லை என்று பேசி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது தரகரிடம் முதலிலே சாதி கேட்கும் தோழரை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவரும் இங்கே இருக்கலாம். இருந்தால் நல்லது. இறுதிக் காட்சி வரை இருக்க வேண்டுகிறேன்.

அந்தக் காட்சியை மாற்றிவிட்டேன். ஏரிக்கரையிலே விளக்கு அணையும். மறுபடி எரியும்போது வெள்ளை விளக்கு, பகல் வெளிச்சம், ஊர் டீக்கடை. வெட்டியவன் பெஞ்சிலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். ஊர் முழுவதும் அவனைச் சுற்றி நிற்கும். யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். கோலூன்றிய கிழவி ஒருத்தி வருவாள். அவன் எதிரே நின்று, அன்று என்னைக் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பாள். பிறகு காவல் நிலையம் இருக்கும் திசையிலே நடப்பாள். சாட்சி சொல்ல. அவள் பின்னே யார் போகிறார்கள் என்பதை ஒவ்வோர் ஊரிலும் நடிகர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். அதனால் இன்று என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியாது.

முதல் மணி அடித்துவிட்டார்கள். அந்த அம்மையார் இன்று வந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறேன். வந்திருந்தால், நாடகம் முடிந்து சாமான் ஏற்றும்போது வண்டியருகே நின்றுகொண்டிருப்பேன்.